துரை காடியில் லூர்து அக்கா

செவ்வாய்க்கிழமை காலை கியா பார்ம் காய்கறிச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தோணி போனில் கூப்பிட்டான். லூர்து அக்காவின் ஒரே மகன் அவன், கோலாலம்பூரில் வேலை. என்னோடு அவன் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் பேசுவான். தீபாவளி வாழ்த்துக்கு ஒரு முறை, மற்றபடி அம்மா போனை எடுக்காவிட்டால். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன். காரை நாங்கள் இங்கே காடி என்போம். "ஒங்கம்மா காடிக்கு அடியில படுத்துக் கெடக்கும்டா, அப்பறம் கூப்பிடு" என்றேன். "அம்மா தவறிட்டாங்க டீச்சர்" என்றான். காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். என் கையில் இருந்த தக்காளிகளைத் திரும்ப வைக்கவும் தோன்றவில்லை, வாங்கவும் தோன்றவில்லை. கடைக்காரப் பெண்தான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

லூர்து மேரி என்பது முழுப் பெயர். எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். மீதிப் பேர் அவர் ஊசியை எடுப்பதைப் பார்த்து ஓடியிருப்பீர்கள். நான் அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மருந்தகமும் பள்ளியும் ஒரே மேட்டில் இருந்தன, நடுவில் ஒரு கம்பி வேலி. அந்த வேலியோரம் நின்றே நாங்கள் இருபத்தைந்து வருடம் பேசித் தீர்த்தோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ‘நீ’ என்றுதான் பேசுவார், ஆனால் ‘டீச்சர்’ என்ற பட்டத்தை மட்டும் விடமாட்டார். "ஏன் டீச்சர் இப்புடி இருக்க நீ?" என்பதுதான் அவர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி.

அடக்கத் திருப்பலி முடிந்ததும் தேவாலயத்தில் சிலர் பேசினார்கள். ஒருவர், தோட்டத்து ஏழைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வேண்டும் என்பதற்காகவே தன் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொட்டி அந்தப் பெரிய காடியை வாங்கிய தியாகி லூர்து அம்மா என்றார். காரை நாங்கள் இங்கே காடி என்போம். கூட்டம் பக்தியோடு தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனவர்களைப் புனிதர்களாக்கும் அவசரத்தில் அவர்கள் ஆசைப்பட்டதை எல்லாம் எடுத்து வெளியே எறிந்துவிடுகிறோம். லூர்து அக்கா அந்தக் காடியில் நோயாளிகளை ஏற்றிச் சென்றது உண்மை. ஆனால் அதற்காக வாங்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கினார். அந்த ஆசையை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. இதை நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஆசைக்காகத்தான்.

அந்த ஆசை எப்படிப் பிடித்தது என்பது எனக்குத் தெரியும். தோட்ட நிர்வாகியை, அவர் எந்த இனத்தவராக இருந்தாலும், இன்றைக்கும் துரை என்றுதான் சொல்கிறோம். முன்பிருந்த துரையின் சின்ன மகளுக்கு ஒரு மழை நாளில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. துரை தன் காடியை மருந்தகத்து வாசற்படி வரைக்கும் ஏற்றி நிறுத்தி, குழந்தையோடு அக்காவையும் அள்ளிப் போட்டுக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். குழந்தை பிழைத்தது. அதுவரைக்கும் அக்கா நோயாளிகளோடு போனதெல்லாம் கொழுந்து ஏற்றும் லோரியில்தான். குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு உருண்டு விழாமல் போய்ச் சேர வேண்டும். மறுநாள் வேலியோரம் வந்து நின்றவரின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"உள்ள சத்தமே இல்ல டீச்சர். வெளிய மழ கொட்டுது, கண்ணாடியில தண்ணி ஓடுது, உள்ள அந்தப் புள்ள மூச்சு விடுறது எனக்குக் கேக்குது. லோரியில எந்தப் புள்ளைக்கி மூச்சு கேட்டுச்சு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பறம் சீட்டு சூடாவுது டீச்சர்! ஒக்காந்தா பின்னாடி கதகதன்னு சூடாவுது!" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்தக் குளிரில் அத்தனை வருடம் இரும்புப் பலகையில் உட்கார்ந்து போனவருக்கு அது சிரிக்கிற விஷயம் மட்டுமில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பல வருடம் கழித்து அந்தத் துரை மாற்றலாகிப் போனார். புதியவர் புதிய காடியோடு வந்தார். பழையது பங்களாக் கொட்டகையில் பாசி பிடித்துக் கிடந்தது. ஒரு நாள் அலுவலக வாசலில் விற்பனைக்கு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்கா அப்போதுதான் ஓய்வு பெற்று பிரிஞ்சாங்கில் சின்ன வீட்டில் குடியேறியிருந்தார். நோட்டீஸைப் பார்த்தவுடன் பட்டறைக்கார ஆ ஹோக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நானும் கூடவே போனேன். ஆ ஹோக் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு வளர்ந்த சீனர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகில் மண்ணோடு எழுந்து வந்தார்.

"அக்கா, இது சாக்கிட் காடி-லா. சீக்குப் புடிச்சது. ஸ்பிரிங்கு கெடையாது, காத்துல நிக்கிது. காத்து எறங்குனா ஒக்காந்துரும். உள்ள அத்தன கம்பியூட்டர், ஒன்னுக்கு ஒன்னு பேசாது. வயசு பதினெட்டு ஆச்சு. சாமான் வேணும்னா கோலாலம்பூர்லேர்ந்து வரணும். வேணாங்க்கா."

"சாக்கிட்டா இருந்தா எனக்கென்ன? சீக்காளியப் பாத்து ஓடிப்போறவளா நானு?" என்றார் அக்கா.

நான் என் பங்குக்கு, சின்னதாக ஒரு உள்ளூர்க் காடி வாங்கினால் போதாதா, பெட்ரோலும் மிச்சம், நடுவழியில் நிற்கவும் நிற்காது என்று பாடம் நடத்தினேன். "நான் அரிசி வாங்கப் போறேன்னா சொன்னேன்?" என்று என் மூக்கை உடைத்தார். அந்தோணி போனில் ஒரு மணி நேரம் கத்தினான். அவனுக்கும் ஒரே பதில்தான்: "எனக்கு ஆச. ஒனக்கு என்னா?" அடுத்த வாரம் காடி பிரிஞ்சாங் வீட்டு வாசலில் நின்றது. கரும்பச்சை நிறம், தோல் இருக்கைகள், கதவைச் சாத்தினால் பெட்டகத்தைப் பூட்டுவது போல ஒரு சத்தம்.

ஆ ஹோக் சொன்னது எல்லாம் நடந்தது. இரவெல்லாம் காற்று இறங்கி, காலையில் வண்டி வயிறு தரையைத் தொட உட்கார்ந்திருக்கும். அக்கா இன்ஜினை முடுக்கிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வார். முதலில் முன்பக்கம், அப்புறம் பின்பக்கம் என்று அது மெல்ல எழும். நான் அவசரப்படுத்தினால், "பொறு டீச்சர், வயசானவங்க எந்திரிக்கிற மாதிரிதான் எந்திரிக்கும்" என்பார். மருந்தகத்தில் நோயாளிகளின் படுக்கையில் மாட்டும் அட்டையைப் போல ஒன்றை முன்கண்ணாடிக்குக் கீழே நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எந்தத் தேதியில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை, ஆ ஹோக் என்ன சொன்னார் என்று பொடி எழுத்தில் அதில் இருக்கும். சில நாட்களில் ‘பரவாயில்லை’ என்று மட்டும் எழுதியிருப்பார். ‘ரவா’ என்பதில் கால் போட மறந்துவிடுவார், நான் பேனா எடுத்துத் திருத்துவேன்.

இனி வருவதைச் சொல்ல ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். துரை காடி வரும் சத்தம் கேட்டால், சாலையில் நடப்பவர்கள் ஓரத்துக் கானில் இறங்கி நிற்க வேண்டும். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய். சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். தலைத்துணியை எடுக்க வேண்டும். குடை பிடித்திருந்தால், மழை எவ்வளவு பெய்தாலும், மடக்க வேண்டும். யாரும் இதை எழுதி ஒட்டியதில்லை. எங்கள் அப்பா காலத்தில் கண்டிப்பாக இருந்தது, என் சின்ன வயதில் தளர்ந்தது, இப்போது இல்லவே இல்லை. இப்போதைய துரை கையசைத்துவிட்டுப் போகிறார், பிள்ளைகளும் பதிலுக்குக் கையசைக்கிறார்கள்.

காடியை வாங்கிய புதிதில், ஒரு காலத்தில் தேயிலைச் செடி வெட்டிய பெரியசாமி அண்ணனின் கால் புண்ணுக்கு மருந்து கட்ட அக்கா அதிலேயே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். எதிரே நடந்து வந்தது பெரியசாமி அண்ணன்தான். பச்சைக் காடியைப் பார்த்தாரோ இல்லையோ, புண்ணுக் காலோடு கானில் இறங்கி, கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா பதறிப்போய் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினார். "அண்ணே! நான்தாண்ணே, லூர்து! மேல ஏறுங்க, புண்ணுல அழுக்குத் தண்ணி படுது!" அவர் அசடு வழியச் சிரித்து, "தொரன்னு நெனச்சிட்டேன் தாயி" என்றார். அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிக்கவில்லை. "புண்ணுக் காலோட எறங்கிட்டாரு டீச்சர்" என்றார். நான் பெரிய மேதாவியைப் போல, "இந்தக் காலத்துலயுமா? அதுக்குத்தான் நான் கிளாஸ்ல நிமிந்து நில்லு, நிமிந்து நில்லுன்னு கத்துறேன்" என்றேன்.

அன்றிலிருந்து தோட்டத்து எல்லைக்குள் நுழைந்ததும் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, "நான்தான்! நான்தான்!" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். பிள்ளைகள் அதற்கு நான்தான் காடி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கண்ணாடியின் மோட்டாரும் ஒரு நாள் போய்விட்டது. ஆ ஹோக் சரிசெய்யும் வரை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினார்.

சில மாதம் கழித்து, நல்ல மழை. பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து நான் குடையோடு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். நானும் அப்போது ஓய்வு பெற்றவள்தான். கணவருக்கு இன்னும் தொழிற்சாலையில் வேலை இருப்பதால் தோட்டத்திலேயே இருக்கிறோம். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. மழைக்காக அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார், அதனால் குரல் கேட்கவில்லை. அடுத்து நான் கவனித்தபோது முழங்கால் வரை கானுக்குள் நின்றுகொண்டிருந்தேன். சேலை நனைந்து கனத்தது. தலையில் மழை கொட்டியது. ஏனென்றால் குடையை மடக்கி மார்போடு பிடித்திருந்தேன். நான் யோசித்துச் செய்யவில்லை. எனக்கு ஐந்து வயதில் என் அப்பா தலையை அழுத்திச் சொல்லிக்கொடுத்ததை ஐம்பத்தெட்டு வயதில் என் உடம்பு செய்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் சொன்னவள் நான்.

காடி நின்றது. அக்கா இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

"கொட மக்கர் பண்ணுதா டீச்சர்?" என்றார்.

"ஆமாக்கா. கம்பி போயிருச்சு."

"பாசி வேற. வழுக்கத்தான் செய்யும். கையக் குடு."

கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டு, முன் கதவைத் திறந்தார். உள்ளே அந்தத் தோல் இருக்கை தெரிந்தது. "வேணாங்க்கா, சேலையெல்லாம் சேறு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். மழையில், மடக்கிய குடையோடு. பொய் சொன்ன பிறகு விரிக்க முடியுமா? மறுநாள் அவர் புதுக் குடை ஒன்றை வாங்கி என் கணவரிடம் கொடுத்தனுப்பினார். என் பொய்யை அவரும் சேர்ந்து காப்பாற்றினார் என்பது இன்று நினைத்தால் அழுகையாக வருகிறது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் கோபப்பட அவர் என்ன செய்தார்? பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் அந்தக் காடியில் ஏறவில்லை. அதற்கு முன்பும் ஏறியதில்லை, முதலில் ரிப்பேர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. கம்போங் ராஜா வழியாக மலையிறங்கி, கிழக்குக் கரையில் கிளந்தான் போய், அந்தக் கடலைப் பார்த்துவிட்டு வர வேண்டும். நாங்கள் இரண்டு பேர் மட்டும். மாதம் தவறாமல் கேட்பார். "வா டீச்சர், கடலுக்குப் போயிட்டு வருவோம். சாப்பாடு கட்டிக்குவோம்." நான் மாதம் தவறாமல் மறுப்பேன். "அந்தக் காட்டு ரோட்ல இது நின்னா யாரு வருவா? ஆ ஹோக் என்னா சொன்னாரு, மறந்துட்டீங்களா?" காரணம் கைவசம் தயாராக இருந்தது, காடியே தினமும் ஒரு புதுக் காரணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னைத்தான் புத்திசாலி என்றார்கள்.

ஒரு முறை கோலா தெர்லாவில், காய்கறி லோரிகளுக்கு நடுவே அது படுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் போக்குவரத்து நின்றது. செய்தி கேட்டதும் நான் போன் செய்து, "நான் சொல்லல?" என்றேன். எவ்வளவு திருப்தியாகச் சொன்னேன் என்று நினைத்தால் கூசுகிறது. அக்காவோ குஷியாக இருந்தார். லோரிக்காரர்கள் முட்டைக்கோசும் தேநீரும் கொடுத்தார்களாம். ஒரு டிரைவரின் மனைவிக்கு வயிற்றில் ஏழு மாதமாம், காலில் வீக்கமாம், உட்கார வைத்துப் பார்த்து அறிவுரை சொன்னாராம். "நின்னா நின்னுட்டுப் போவுது டீச்சர். நிக்கிற எடத்துலயும் மனுசங்க இருக்காங்க" என்றார். அந்த முட்டைக்கோசில் பாதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசியாகக் கேட்டது போன மாதம். வழக்கம்போலக் கேலியாகக் கேட்கவில்லை. ஒரு காலையில் தன் வீட்டு வாசலில் நின்று, "காடிக்கி ஒன்னுமில்ல டீச்சர், போன வாரந்தான் எல்லாம் பாத்தாச்சு. நீ சும்மா ஏறி ஒக்காந்தா போதும்" என்றார். சும்மா ஏறி உட்கார்ந்தால் போதும் என்று அவர் சொன்னது கடலைப் பற்றி இல்லை. எனக்கு அது அப்போதே விளங்கியது. "பாக்கலாங்க்கா, மழ விடட்டும்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, முற்றத்தில் மெதுவாக எழுந்துகொண்டிருந்த காடிக்குத் திரும்பிப் போனார். அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று நான் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

அடக்கத்தன்று அந்தோணி என்னிடம் வந்தான். அவன் சவ வண்டியில் அம்மாவோடு போக வேண்டும். "அம்மா காடி பின்னாடி வரணும் டீச்சர். ஆ ஹோக் ஓட்டுறாரு. முன் சீட்டு காலியா வரக்கூடாது. நீங்க ஒக்காருங்க" என்றான். மறுக்க என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஏறினேன். கதவு சாத்திக்கொண்டது. அவர் சொன்னது நிஜம்தான், சத்தமே இல்லை. தோட்டத்துச் சாலையில் இரண்டு வளைவு திரும்பியிருப்போம். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, காடி பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. ஆ ஹோக் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "இன்னிக்கிமா அக்கா?" என்று சொல்லி அழுதார். பிறகு ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏறி, பட்டறைக்குச் சாமான் எடுக்கப் போனார்.

கல்லறையில் என்னைக் காணவில்லை என்று உங்களில் சிலர் குறைப்பட்டீர்கள். உங்கள் காடிகளில் பல என்னைத் தாண்டித்தான் போயின. ஒருவர் நிறுத்தி, "வாங்க டீச்சர், அடக்கத்துக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறந்தும் விட்டார். "நீங்க போங்க, நான் இதுலயே வர்றேன்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நான் சாலையில் நிற்கக்கூட இல்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். தூறல் விழுந்து கண்ணாடியெல்லாம் மங்கிப்போனது. பக்கத்தில் ஓட்டுகிறவர் இருக்கை காலியாக இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கி கொட நல்லாத்தான் இருந்துச்சு. காடி நின்னுரும்னு பயந்து நான் வராம இல்ல. ஒங்க காடியப் பாத்து என் காலு எறங்கிருச்சு, அத நீங்க பாத்துட்டீங்க. அந்த வெக்கத்துலதான் வரல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். ‘தெரியும் டீச்சர்’ என்றிருப்பார். இல்லை, ‘இதுக்குப் போயி இத்தன நாளா?’ என்று திட்டியிருப்பார். எதுவும் அவர் குரலில் வரமாட்டேன் என்கிறது. ஆ ஹோக் திரும்பி வந்து காடியை எழுப்பி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது, அந்தோணி மட்டும் நின்றுகொண்டிருந்தான். அம்மாவின் ஞாபகமாக என்ன வேண்டும் டீச்சர், சேலையா, கைக்கடிகாரமா என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். லூர்து அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, அவர் பக்கத்தில் உட்கார வேண்டிய இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தைத்தான். கூப்பிட்டபோது போயிருந்தால், கடல் வரைக்கும் ஒரு நாள் முழுக்கக் கிடைத்திருக்கும்.